பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேளுங்கள்

சர்வீஸ் சென்டர்களில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் அன்பர்களுக்கு,

நான் வக்கீல் இல்லை. அரசுப் பள்ளியில் 27 வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கெட்டுப்போன ஒரு டிவிக்காகத் திருச்சியில் உள்ள ஒரு சர்வீஸ் சென்டருக்கு நாலு மாதம் நடந்தேன். அங்கே உங்களில் பலரைப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் டோக்கன் 43. எனக்கு முன்னால் 42 வைத்திருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. கைக்குட்டையில் சுற்றியிருந்த போனைப் பிரித்து கவுன்ட்டரில் வைத்தார். திரையின் மேலிருந்து கீழ்வரை, பச்சை நூலை இழுத்துக் கட்டியதுபோல ஒரே ஒரு கோடு. கண்ணாடியில் கீறலோ விரிசலோ இல்லை. கவுன்ட்டரில் இருந்த தம்பி பில்லைப் பார்த்தார்.

“வாரண்டி முடிஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சும்மா. டிஸ்பிளே மாத்தணும். பதினோராயிரத்து எண்ணூறு ஆகும்.”

“கீழ விழவே இல்லப்பா. அப்டேட்னு வந்துச்சு, போட்டேன். மறுநாள் காலையில பாத்தா கோடு.”

“இருக்கலாம்மா. ஆனா வாரண்டி முடிஞ்சிருச்சே.”

அந்த அம்மா சண்டை போடவில்லை. “இன்னும் நாலு டியூ பாக்கி இருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போனை மறுபடி கைக்குட்டையில் சுற்றினார். போகும்போது என்னைப் பார்த்து, “நாந்தான் லேட்டா வந்துட்டேன் சார்” என்றார். பதினெட்டு மாதத் தவணையில் வாங்கிய பொருளுக்குப் பன்னிரண்டு மாத வாரண்டி. கடன் பாக்கி இருக்கும்போதே பொருள் போய்விட்டது. அதற்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு படியிறங்கினார். அவர் பின்னாலேயே ஓடிப்போய் நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள், போகவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

“வாரண்டி முடிஞ்சிருச்சு” என்பது கம்பெனி தானாக ஒப்புக்கொண்ட காலம் முடிந்துவிட்டதா என்ற கேள்விக்குத்தான் பதில். விற்கும்போது அந்தப் பொருள் சரியாக இருந்ததா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. வாரண்டி அட்டையை எழுதியது கம்பெனி. உங்களுக்கான சட்டத்தை எழுதியது நாடாளுமன்றம். 1930-இல் வந்த சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே, விற்கும் பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது, யாரும் எழுதிக்கொடுக்காவிட்டாலும் உண்டு என்று கொள்ளப்படும் நிபந்தனை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ‘குறைபாடு’ என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லும்போது வாரண்டி என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. சட்டப்படி இருக்க வேண்டிய தரம், ஒப்பந்தத்தில் சொன்னதும் சொல்லாமலே அடங்கியதுமான தரம், விற்பவர் எந்த வகையிலாவது இருப்பதாகச் சொல்லிக்கொண்ட தரம் ஆகியவற்றில் எது குறைந்தாலும் அது குறைபாடுதான். விளம்பரத்தில் சொன்னதும் இதில் சேரும். முதல் நாளே உள்ளே இருந்து, பதினாலாம் மாதம் வெளியே தெரிந்த குறை, பதினாலாம் மாதத்தில் பிறந்த குறை ஆகிவிடாது.

இதை வைத்துக்கொண்டு எல்லோரும் ஜெயித்துவிடலாம் என்று சொல்லமாட்டேன், அது பொய். வாரண்டி முடிந்த பொருள் என்றால் குறை தயாரிப்பிலேயே இருந்தது என்று காட்ட வேண்டிய சுமை நம் தலையில்தான் விழுகிறது. எதிர்த்தரப்பு ‘வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும்’, ‘ஈரம் போயிருக்கும்’, ‘வெளி ஆள் கை வைத்திருக்கிறார்’ என்று வரிசையாகச் சொல்லும். 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்சநீதிமன்றம், வாரண்டியில் உள்ளபடி பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் கம்பெனியின் கடமை, முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. ஆனால் 2022-இல் இன்னொரு கார் வழக்கு. மோதலில் காற்றுப்பை விரியவில்லை. அதில் அதே நீதிமன்றம், நடந்த சம்பவமே குறையைச் சொல்லிவிடுகிறது என்று எடுத்துக்கொண்டு, வாங்கியவர் பக்கம் நின்றது. எந்த வேகத்தில் எந்தக் கோணத்தில் இடித்தால் பை விரியும் என்று வாங்கியவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பது அதன் சாரம். போன் திரையில் கோடு விழுந்த அம்மாவிடம் ‘எந்த இணைப்பு விட்டது, நிரூபி’ என்று கேட்பதும் அப்படிப்பட்ட கேள்விதான் என்று நான் நினைக்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். தீபாவளிக்கு வாங்கிய 55 இன்ச் டிவி, 62,000 ரூபாய். பதினாலாவது மாதம், பொங்கல் முடிந்த வாரம், திரையின் வலது பாதியில் நெடுக்குக் கோடுகள் விழுந்தன. மூன்றாம் நாள் அந்தப் பாதி மொத்தமாக வெளுத்துவிட்டது. இடது பாதியில் செய்தி வாசிப்பவரின் ஒரு கண்ணும் பாதி வாயும் அசைந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு வந்த டெக்னீஷியன் பின்பக்கம் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பேனல் போச்சு சார். இந்த மாடல்ல இது சகஜம்.” புதுப் பேனலுக்கு 39,400 ரூபாய், வரி தனி.

‘இந்த மாடல்ல இது சகஜம்’ என்பதை அன்றே நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன். எழுதித் தரச் சொல்லிக் கேட்டதற்கு அவர் தரவில்லை. வேலைக்குப் பங்கம் வரும் என்றார், அவர் நிலைமையும் எனக்குப் புரிந்தது. ஆனால் ஜாப் ஷீட்டில் ஒன்று எழுதச் சொன்னேன்: பேனல் பழுது, வெளிச்சேதம் எதுவும் இல்லை. அதை எழுதினார். பார்த்ததைத்தானே எழுதினார். பின்னால் கம்பெனியிலிருந்து ‘வாடிக்கையாளரின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி வந்தபோது, அந்த ஜாப் ஷீட்தான் எனக்குத் துணை நின்றது. ஆகவே கவுன்ட்டரில் என்ன சொன்னாலும் “அப்படியே எழுதிக் குடுங்க தம்பி” என்று கேளுங்கள். அந்தத் தம்பியிடம் கோபப்பட வேண்டாம். விலையும் விதியும் அவர் கையில் இல்லை.

மூன்றாவது தடவை போனபோதுதான் எனக்கு உண்மை தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் அரிசி மண்டி வைத்திருப்பவர் ஒருவர் பில்லை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சும்மா பேச்சுக்கொடுத்தேன். அதே கம்பெனி, அதே மாடல், அவருக்கும் அதே வலது பாதி. அவர் வாங்கிய வேறொரு கடையின் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் இருவர் இருந்தார்கள். அதுவரை நான் இதை என் வீட்டுக் கரண்ட்டின் கோளாறு, என் தலையெழுத்து என்றெல்லாம் எண்ணியிருந்தேன். நாலு வீடு, நாலு மீட்டர், நாலு தெரு. வலது பாதி மட்டும் ஒன்று.

இங்கேதான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. எத்தனை டிவிக்கு எந்தப் பாகம் எத்தனையாவது மாதம் போகிறது என்ற கணக்கு கம்பெனியிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஜாப் ஷீட்டும் அந்தக் கணக்கில் ஒரு வரி. கணக்கு இல்லாமல் தனித்தனியாக வந்து தனித்தனியாகத் திரும்பிப் போகிறவர்கள் நாம்தான். அந்தக் கணக்கு வெளியே வந்த சில இடங்களில் வாரண்டி தேதியே நகர்ந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிகள் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போனபோது, புகார்கள் குவிந்து, 2007 ஜூலையில் அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை மூன்று ஆண்டாக்கினார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் அதற்கென ஒதுக்கினார்கள். ஆப்பிள் மேக்புக்கின் விசைப்பலகை தூசிக்கே சிக்கிக்கொண்டபோது, 2018 ஜூனில், வாங்கிய நாளிலிருந்து நாலு ஆண்டு இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தார்கள். அந்த அம்மாவின் போனில் பார்த்தேனே, அந்தப் பச்சைக் கோடு? இந்தியாவில் பல கம்பெனிப் போன்களில் அது வந்து, கூச்சல் எழுந்து, 2024-இல் ஒன்பிளஸ் நிறுவனம் தன் போன்களின் பச்சைக் கோட்டுக்கு ஆயுள் முழுக்க இலவசத் திரை என்று இங்கேயே அறிவித்தது. இவர்கள் யாரும் ‘வாரண்டி முடிஞ்சிருச்சே’ என்று நிறுத்திக்கொள்ளவில்லை. நிறுத்த முடியாத அளவுக்கு ஆட்கள் சேர்ந்து கேட்டார்கள்.

ஆகவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போனை நோண்டாமல் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். என்ன மாடல், எப்ப வாங்குனீங்க, என்ன பழுது? அதே பழுது என்றால் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே குறையுள்ள பலர் சார்பில் ஒருவரோ சிலரோ நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு புகார் கொடுக்க 2019 சட்டத்தின் 35-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், நாலு பேர் ஜாப் ஷீட்டை ஒன்றாக வைத்தால், ‘உங்க வீட்டு வோல்டேஜ்’ என்ற பதில் நிற்காது.

நாங்கள் நாலு பேரும் செய்ததைச் சொல்கிறேன். ஒரு நோட்டீஸ் எழுதினோம். வக்கீல் வேண்டியதில்லை. வாங்கிய தேதி, கொடுத்த தொகை, பழுது தெரிந்த தேதி, ஜாப் ஷீட் எண், எங்களுக்கு என்ன வேண்டும், பதினைந்து நாள் கெடு. ஒரு பக்கம்தான். கம்பெனிக்கு மட்டும் அனுப்பவில்லை, விற்ற கடைகளுக்கும் அனுப்பினோம். “அது கம்பெனி பொறுப்பு சார், எங்களுக்குச் சம்பந்தம் இல்ல” என்று கடைக்காரர் சொல்வார். பணம் வாங்கிக்கொண்டு பில் போட்டவர் அவர்தான். இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகப் போட வேண்டும். பதிவுத் தபால் இப்போது தனியாக இல்லை, 2025-இல் விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். ஒப்புகையோடு அனுப்பச் சொல்லி, அந்தச் சீட்டை ஜாப் ஷீட்டோடு குத்திவையுங்கள். அதே வாரம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் கூப்பிட்டோம். புகார் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணால் டிவி எரியவில்லை, ஆனால் நாங்கள் கேட்டோம் என்பதற்கு அரசாங்கத்தின் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது.

கம்பெனியிலிருந்து முதலில் வந்தது, ‘நல்லெண்ண அடிப்படையில்’ 30 சதவீதத் தள்ளுபடி. மண்டிக்காரர் அதற்கே இறங்கிவிடப் பார்த்தார். அவரைத் தப்பு சொல்ல மாட்டேன், கடையை விட்டுவிட்டு எத்தனை நாள் அலைவார்? ஆனாலும் மறுத்தோம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் பதிந்தோம். இணையத்திலேயே பதியலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கம்பெனி டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே கேட்கலாம். இது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. பில் மகன் பெயரில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான்.

எதிர்த்தரப்பு 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில், பதில் சொல்லியாக வேண்டும். சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், கட்டணத்தை முதலில் நாம் கட்ட வேண்டியிருக்கும். மூன்று மாதத்தில், சோதனை இருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கிறது. அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வாய்தாவுக்கு முன்னால் கம்பெனி வக்கீல் பேச வந்தார். பேனல் இலவசம், வேலைக்கூலியும் இல்லை. நாலு பேரில் மூன்று பேர் ஒப்புக்கொண்டோம். நாலாமவர், தையற்கடை வைத்திருப்பவர், ‘எனக்குப் பணம்தான் வேணும், இந்த டிவியே வேணாம்’ என்று நிற்கிறார். அவர் வழக்கு நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் கூடப் போகிறேன்.

காலக்கெடு ஒன்று உண்டு, கவனம். வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் பதிய வேண்டும். அது பில் தேதியா, பழுது தெரிந்த தேதியா என்று எதிர்த்தரப்பு வாதாடும். பழுது தெரிந்த வாரமே ஒரு மின்னஞ்சலாவது கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் அந்தத் தேதி உங்கள் கையில் இருக்கும். இன்னொன்று, பில். கடையில் தரும் வழவழப்பான தாளில் அச்சு ஒரு வெயில் காலத்தைத் தாங்காது. என் பில்லில் தொகை மட்டும் லேசாகத் தெரிந்தது, தேதி வெள்ளையாகிவிட்டது. கடையின் கணினியில் இருந்ததால் பிழைத்தேன். வாங்கிய அன்றே படமெடுத்துவையுங்கள்.

வழக்கு வேண்டாம், பொருள் ஓடினால் போதும் என்கிறவர்களும் உங்களில் உண்டு. அதில் தவறே இல்லை. அவர்களுக்கு எங்கள் தெருமுனை மெக்கானிக் காட்டிக்கொடுத்த ஒன்றைச் சொல்கிறேன். எதிர்வீட்டு டிவியில் சத்தம் வரும், திரை கறுப்பு. ‘பேனல் மாத்தணும், இருபத்தெட்டாயிரம்’ என்று எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். மெக்கானிக் அறை விளக்கை அணைக்கச் சொன்னார். டிவியைப் போட்டுவிட்டு, போனின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகே சாய்வாகப் பிடித்தார். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் சீரியலில் யாரோ அழுதுகொண்டிருந்தது மங்கலாகத் தெரிந்தது. “படம் வருது பாருங்க அக்கா. பேனல் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி லைட்டுதான் எரியல.” திரைக்குப் பின்னால் எல்இடி பட்டைகள் வரிசையாக ஓடுகின்றன. ஒரு முத்து போனால் வரிசையே அணைந்துவிடும். பட்டைகளை மாற்ற 2,400 ரூபாய் வாங்கினார். இருபத்தெட்டாயிரம் என்று கேட்டு அந்த டிவியை எடைக்குப் போடவிருந்தார்கள்.

ஆனால் வெளி மெக்கானிக் கை வைத்தால் வழக்கில் அதையே நமக்கு எதிராகத் திருப்புவார்கள். ஆகவே கேட்பதா, ஓட்டுவதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கேட்பதென்றால் ஸ்குரூவைக்கூட யாரையும் தொடவிடாதீர்கள். டார்ச் அடித்துப் பார்ப்பதில் தடையில்லை, அது எதையும் கழற்றுவதில்லை.

அந்த மெக்கானிக்குக் கம்பெனிகள் சர்க்யூட் படம் கொடுப்பதில்லை, அசல் உதிரிப்பாகம் விற்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் கிடைத்ததை வாங்கி, கை அனுபவத்தில் ஓட்டுகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு டிவி மாடலின் கடைசிப் பொருள் சந்தைக்கு வந்தபின் குறைந்தது 7 ஆண்டுகளுக்கு உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2015 சட்டப்படி, வாரண்டி அட்டையில் என்ன இருந்தாலும், பொருள் நியாயமான காலம் உழைக்கவில்லை என்று 6 ஆண்டுவரை வழக்குப் போடலாம். நம் நாட்டில் 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று ஓர் இணையவாசல் திறந்தார்கள். நல்ல தொடக்கம்தான், ஆனால் அது கம்பெனிகளின் விவரங்களை ஒரே இடத்தில் வைக்கும் வாசல், கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. ஒரு டிவி குறைந்தது எத்தனை ஆண்டு உழைக்கும், எத்தனை ஆண்டு பாகம் கிடைக்கும் என்று பெட்டியின்மேலே விலையோடு சேர்த்து அச்சடிக்க வைக்க வேண்டும். மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி இருக்கிறது, அறுபதாயிரம் ரூபாய்ப் பெட்டியில் ஏன் இருக்கக் கூடாது?

எனக்குப் புதுப் பேனல் போட்டது ஒரு வியாழக்கிழமை. பழையதைக் கொண்டுபோகும் முன் அதன் பின்புறத்து ஸ்டிக்கரைப் படமெடுத்து மற்ற மூவருக்கும் அனுப்பினேன். புதிய பேனலுக்கு 90 நாள் வாரண்டி என்று ஜாப் ஷீட்டில் எழுதியிருந்தது. அந்தத் தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டமிட்டிருக்கிறேன். தையற்கடைக்காரருக்கு அடுத்த வாய்தா 14-ஆம் தேதி. காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும்.

அன்புடன்,
டோக்கன் எண் 43
திருச்சிராப்பள்ளி